ரிசார்ட்டில் பாங்க்வெட் செட்டப் வேலை எப்படி இருக்கும்? சேரலாமா?

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு, ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரிசார்ட் ஒன்றில் பாங்க்வெட் செட்டப் டீமில், அதாவது விருந்துக்கும் விழாவுக்கும் ஹாலைத் தயார் செய்யும் குழுவில், வேலை கிடைத்திருக்கிறது, மேசை நாற்காலி தூக்கத்தான் கூப்பிடுகிறார்களோ என்று தயங்குகிறீர்கள். தாராளமாகப் போங்கள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இதே வேலையைச் சில வருடங்கள் பார்த்தவன் நான். தூக்குவது உண்மைதான். ஆனால் எதை முதலில் தூக்குவது, எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவது என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், பல நேரம் இரண்டும் ஒரே ஹாலில். கடைசிப் பந்தி எழும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். நாலு மணிக்கெல்லாம் சாஸ்திரிகள் வந்துவிடுவார். அதற்குள் சோபா போட்ட மேடை மணவறையாக வேண்டும், வட்ட மேசைகள் வெளியே போய் நாற்காலிகள் வரிசைக்கு வர வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் வாசல் பக்கத்திலிருந்து காலி செய்ய ஆரம்பிப்பார்கள், ஸ்டோர் ரூம் கிட்ட இருக்கிறதே என்று. அப்போது பூ அலங்காரக்காரர்கள் மேடைக்கு முன்னால் ஏணி போட இடமில்லாமல் நிற்பார்கள், அவர்கள் இழந்த ஒரு மணி நேரத்தை யாராலும் மீட்க முடியாது. அதனால் முதல் வேலை மேடையை ஒட்டிய மேசைகள்தான். மேசைத் துணியை உருவி, எண்ணிக் கட்டி, லாண்டரிக்கு அனுப்பிவிட வேண்டும். நாற்காலிகள் பத்துப் பத்தாக டிராலியில் போகும். ஆறடி வட்ட மேசையை யாரும் தூக்குவதில்லை. காலை மடக்கி, விளிம்பில் நிறுத்தி, உருட்டிக்கொண்டு போவோம். கை பழகிவிட்டால் ஒரே ஆள் போதும்.

அப்புறம் வரிசை. மேடைக்கு இணையாக, குறுக்கே ஒரு நைலான் கயிறு கட்டி, நாற்காலியின் முன்கால்கள் கயிற்றைத் தொடும்படி வைப்போம். ஒவ்வொரு வரிசைக்கும் கயிறு நகரும். அறுநூறு நாற்காலியும் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரே கோட்டில் தெரிகிற அந்த நிமிடம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மூடிய ஹாலில் ஹோமம் இருந்தால் மறக்கவே கூடாத விஷயம் ஸ்மோக் டிடெக்டர். இன்ஜினியரிங் ஆட்களிடம் முன்பே சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் தீ எச்சரிக்கை பேனலில் நிறுத்தி வைக்க வேண்டும். கார்ப்பெட்டின் மேல் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, அதன் மேல்தான் ஹோம குண்டம். தீயணைப்பான் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சடங்கு முடிந்ததும் டிடெக்டரைத் திரும்பப் போட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கடற்கரையில் மேடை போடுவது வேறு வித்தை. மணலில் நாற்காலிக் கால் புதையும், அதனால் பிளைவுட் பரப்பி அதன் மேல் கார்ப்பெட். வைகாசியில் மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்தால் பின்திரைத் துணி பாய்மரம் மாதிரி இழுக்கும். திரையைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் (truss) அடியில் மணல் மூட்டை வைக்காமல் யாராவது துணி கட்டினால் நிறுத்துங்கள், வயதில் மூத்தவராக இருந்தாலும் சரி. தை மாதம் என்றால் பனி. புல்வெளியில் ராத்திரியே நாற்காலி உறை போட்டால் விடியும்போது எல்லாம் ஈரமாகிவிடும். உறையை விடியற்காலையில்தான் மாட்டுவோம். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், ஆகவே பீச் நிகழ்ச்சியைப் பிரிக்கும் வேலை ஓரளவு சீக்கிரமே தொடங்கிவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அப்போது கம்பெனி மாநாடுகள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்கூட ஆடியில்தான் வந்தது. மாநாட்டில் தூக்கும் வேலை குறைவு, மின் இணைப்பு வேலை அதிகம்.

சேரும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: சம்பளம் கொடுப்பது ரிசார்ட்டா, கான்ட்ராக்டரா? என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள். அதே மேசையைத்தான் உருட்டினார்கள், ஆனால் கான்ட்ராக்டர் ஆள் என்பதால் அடிபட்டால் கேட்க நாதியில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு. அந்த எண்ணையும் பி.எஃப். எண்ணையும் முதல் மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் தங்க இடமா, வீட்டுக்கு வண்டியா என்பதையும் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உருளும் மேசை கை தவறினால் முதலில் விழுவது கால் விரலில்தான்.