கல்யாணச் செலவுக்கு விசா பணத்தைத் தொடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 54. தாய்லாந்தில் ஹுவா ஹினில் குடியிருக்கிறோம். ஓய்வுக்கால விசாவுக்காக வங்கியில் 8 லட்சத்து 20 ஆயிரம் பாட் வைத்திருக்கிறேன். இந்தப் பிப்ரவரி 10-ம் தேதி ஒரு வருட நீட்டிப்பு வாங்கினேன், மனைவி என்னைச் சார்ந்தவராக இருக்கிறார். ஆவணியில் மதுரையில் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கணக்கிலிருந்து 5 லட்சம் பாட் எடுத்துக்கொண்டு போய், மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். "முத்திரை விழுந்த பிறகு அது உங்கள் பணம், யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறார் இங்கே உள்ள நண்பர். சரிதானா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். நண்பர் சொல்வது ஒரு காலத்தில் சரிதான். 2019 மார்ச்சில் விதி மாறிவிட்டது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பு இரண்டு மாதம், அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம், இந்தக் காலம் முழுக்க 8 லட்சம் பாட் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது.

உங்கள் தேதியை வைத்துப் பார்ப்போம். மே 10 வரை 8 லட்சத்தில் கை வைக்கவே முடியாது. அதற்குப் பிறகு அதிகபட்சம் 4 லட்சத்து 20 ஆயிரம் எடுக்கலாம். நீங்கள் கேட்கும் 5 லட்சம் எடுத்தால் கணக்கில் 3 லட்சத்து 20 ஆயிரம்தான் மிஞ்சும். அடுத்த வருடம் குடிவரவு அலுவலகத்தில் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் கேட்டால் அது அப்படியே தெரியும், நீட்டிப்பை மறுக்க அது ஒன்றே போதும். அந்த 80 ஆயிரத்தை வேறு எங்கேயாவது புரட்டுங்கள். 4 லட்சத்தை ஒட்டியும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சரியாக 4 லட்சம் விட்டு மற்றதை எடுத்தார். அதே கணக்கில் இருந்த ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் பிடித்ததும் பாஸ்புக்கில் 3,99,800 என்று விழுந்தது. அடுத்த முறை அந்த ஒரு வரிக்காக அவர் கவுண்டரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 4 லட்சத்து 20 ஆயிரமாவது அதில் இருக்கட்டும். அப்போது 4 லட்சம்தான் எடுக்கலாம், வெளியே புரட்ட வேண்டியது 1 லட்சம்.

எடுப்பதைவிடத் திருப்பிப் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். அடுத்த பிப்ரவரி 10-க்கு 30 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதாவது ஜனவரி இரண்டாவது வாரம். அதற்கு இரண்டு மாதம் முன்பே 8 லட்சமும் நிறைந்திருக்க வேண்டும். எனவே அக்டோபர் கடைசிக்குள் பணம் கணக்கில் விழுந்தால் நிம்மதி. விண்ணப்பிக்கும் நாளில் காலையில் வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு, அன்றைய தேதி வரும்படி பாஸ்புக்கைப் பதிந்து, வங்கிக் கடிதமும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் இந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். ஊரில் ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதன் மேல் கடன் வாங்கிக் கல்யாணத்தை நடத்துங்கள். தாய்லாந்திலிருந்து எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டு வந்தால் வரி விஷயமும் சேரும். வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர், 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை உள்ளே கொண்டு வந்தால் அது வரிக்கு உட்பட்டது. 2024-க்கு முந்தைய சேமிப்பு என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அதைக் காட்டும் பேப்பர் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதில்தான் கவலை. மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுக் கிளம்பினால், விமானம் ஏறும்போதே உங்கள் நீட்டிப்பு செத்துவிடும். வங்கியில் 8 லட்சம் இருந்தாலும் பயனில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த அனுமதிக்குக் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். கணவருடையது மனைவிக்குச் செல்லாது. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் தருவார்கள், ஆனாலும் கல்யாணப் பரபரப்பில் அதை நம்பாமல் முன்கூட்டியே அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள், அது இலவசம். கவுண்டரை விட்டு நகரும் முன் முத்திரையைப் பாருங்கள். அடுத்த பிப்ரவரி 10 என்று இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கும் தேதி விழுந்திருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு ஒரு முறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிக்கும் அறிவிப்பு, திரும்பிய நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

கல்யாணம் முடிந்து வந்ததும் இன்னொன்றைச் செய்யுங்கள். உங்கள் மனைவி இப்போது உங்கள் அனுமதியைச் சார்ந்தே இருக்கிறார். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் தங்குவதற்கு ஆதாரமே இல்லாமல் போகும். இறப்பு தெரிந்ததும் வங்கி உங்கள் கணக்கை முடக்கும். நீதிமன்றம் சொத்துக்கு நிர்வாகியை நியமித்த பிறகே பணம் வெளியே வரும். மனைவிக்கும் 50 வயது தாண்டிவிட்டது, சொந்தமாகவே ஓய்வுக்கால நீட்டிப்புக்கு அவர் தகுதியானவர். இன்னொரு 8 லட்சம் சேர்க்க முடிந்தால் அதை அவர் பெயரிலேயே, கூட்டுக் கணக்காக இல்லாமல் போடுங்கள். சேர்க்க முடியாவிட்டாலும் தாய்லாந்தில் ஒரு உயில் எழுதி வைத்துவிடுங்கள். எழுத்தில், தேதியோடு, ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். தாய் மொழியில் எழுதித் தரும் வக்கீல்கள் ஹுவா ஹினில் கிடைப்பார்கள். அந்த உயில் எங்கே இருக்கிறது என்று மகளிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.