பழைய பாக்கெட் பைக்: காசு கொடுக்கும் முன்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. மினி ரேஸ் பழக ஆசைப்படுகிறான். தேவகோட்டையில் ஒருவர் பழைய 49 சிசி பாக்கெட் பைக்கை (குட்டி ரேஸ் பைக்) 28,000 ரூபாய்க்குத் தருகிறார். 'அதிகம் ஓடாத வண்டி' என்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- காரைக்குடி வாசகர்

பதில்: நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டி வைப்பார்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கயிறு இறுகி, இழுக்கக் கடினமாக இருக்க வேண்டும். அந்த இறுக்கமே இல்லாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காவிட்டால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுக் கசிவு இருக்கலாம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று கூடிப் பெட்ரோலும் ஆயிலும் குறைந்தால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சூடேறி இறுகி நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள்: இளம் பழுப்பு நல்லது, வெளுத்திருந்தால் அதே ஆபத்துதான்.

எவ்வளவு ஆயில் கலக்கிறார் என்றும் கேளுங்கள். இந்த வகைச் சீன எஞ்சின்களுக்கு வழக்கமான அளவு 25-க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். 'குத்துமதிப்பாக ஊற்றுவேன்' என்று பதில் வந்தால் அந்த வண்டி வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள்.

செயின், பிரேக் பேட், கிளட்ச் ஷூ தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். ஹேண்டில் கழுத்துப் பக்க வெல்டிங்கில் விரிசல் இருந்தாலோ, பிளைவீலை மேலும் கீழும் அசைத்தால் ஆடினாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதற்கு ஆர்.சி. கிடையாது, தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. சிறுவன் பொதுச்சாலையில் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-ன்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. எஞ்சின், ஃப்ரேம் எண்களைக் குறித்து விற்பனைச் சீட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் கடையில் பில்லோடு வாங்கினால், குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தனி ஆளிடம் வாங்கும்போது அந்தப் பிடிமானம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட், கையுறை, முழங்கால்-முழங்கை கார்டு, கணுக்காலை மூடும் ஷூ ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வண்டி பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ரைஸ் மில் களத்தில் பாக்கெட் பைக் ஓட்டுகிறோம். வளைவின் நடுவில் பின்சக்கரம் திடீரென வழுக்குகிறது. வேறு டயர் வாங்கவா?
- புதுவயல் வாசகர்

பதில்: இப்போதே வாங்க வேண்டாம். முதலில் களத்தைப் பெருக்குங்கள். சிமென்ட் தரையில் உமித்தூசி இருந்தால் எந்த டயரும் நிற்காது. பிறகு ஓட்டும் முறையைப் பாருங்கள். இதில் இருப்பது சென்ட்ரிபியூகல் கிளட்ச், அதாவது எஞ்சின் வேகம் கூடினால் தானாகக் கவ்வி, குறைந்தால் விடுபடும் கிளட்ச். வளைவில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் வேகம் இறங்கி கிளட்ச் விடுபடும். மறுபடி முறுக்கும்போது சட்டென்று கவ்வி, சாய்ந்திருக்கும் சக்கரத்தைத் தள்ளிவிடும். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை முடித்து, வளைவு முழுக்க ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடியே போகச் சொல்லுங்கள். டயர் காற்றை ஓட்டுவதற்கு முன், ஆறிய நிலையில் அளக்கவும். பக்கவாட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல், ஒரு தடவைக்கு 2 பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் வழுக்கினால், ரப்பர் இறுகி நகம் பதியாத நிலையில் இருந்தால், டயரை மாற்றுங்கள்.