95 சதவீதம் குறை என்றால் குழந்தை?

கேள்வி: கணவருக்கு 33 வயது, எனக்கு 29. அவருடைய விந்துப் பரிசோதனையில் 5 சதவீதம்தான் இயல்பான வடிவம், மீதி 95 சதவீதம் குறை என்று போட்டிருக்கிறது. எண்ணிக்கை ஐந்து மாதம் முன்பு 38 மில்லியன், இப்போது 2 மில்லியன். 'இக்ஸி' (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யச் சொல்கிறார்கள். குழந்தை குறையோடு பிறக்குமோ என்று தூக்கமே இல்லை. பைக், மடியில் லேப்டாப், வெந்நீர்க் குளியல் காரணமாக இருக்குமா? மற்றபடி நல்ல ஆரோக்கியம். நாலு மாதமாக ஜிம்மில் வாரம் ஒரு சத்து ஊசி போட்டுக்கொள்கிறார்.

பதில்: அந்த 95 சதவீதத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தலை கொஞ்சம் நீளம், வால் கொஞ்சம் வளைவு என்றாலே அந்த விந்தணுவைக் குறைக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு கறாரான அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் இயல்பு வடிவத்துக்குக் கீழெல்லையே 4 சதவீதம்தான். விந்தணுவின் தலை வடிவம் குழந்தையின் கைகாலில் வந்து நிற்காது. இக்ஸி 1992-லிருந்து நடக்கிறது. பிறவிக் குறை வாய்ப்பு சற்றே கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். யூடியூபை மூடிவையுங்கள்.

லேப்டாப்பை மேசைக்கு மாற்றட்டும். பைக், வெந்நீர் எல்லாம் 38-ஐ 2 ஆக்காது.

நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலிக் குப்பியை எடுத்து லேபிளைப் படியுங்கள். உள்ளே மஞ்சளாக எண்ணெய் மாதிரி இருந்ததா? பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன்தான். வெளியிலிருந்து இந்த ஹார்மோன் வந்து நிறைந்ததும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'சரக்கு போதும்' என்று விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். புஜம் பெருக்கும், தாடி அடரும், உள்ளே விந்தணு உற்பத்தி மட்டும் படுத்துவிடும். விரையும் சுருங்கும். இதே மருந்தை வாரம் 200 மி.கி. வீதம் ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. 1990-ல் வெளியான முடிவுப்படி, 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் எண்ணிக்கை பூஜ்யம். உங்கள் கணவர் காசு கொடுத்துக் கருத்தடை செய்துகொண்டிருக்கிறார்! என்னிடம் வந்த ஒருவர், எண்ணிக்கை குறைகிறதே என்று ஊசியை இரண்டாக்கிக்கொண்டு வந்தார். என்னத்தைச் சொல்ல.

அடுத்த ஊசி வேண்டாம். ஹார்மோன் மருத்துவரிடமோ ஆண்மையியல் மருத்துவரிடமோ போய் எஃப்.எஸ்.எச்., எல்.எச். (பிட்யூட்டரி விரைக்கு உத்தரவாக அனுப்பும் ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்தியதும் சில வாரம் அசதி, எரிச்சல், நாட்டமின்மை வரலாம். அதற்குப் பயந்து மறுபடி ஊசியைத் தொடக் கூடாது; கோச் நீட்டும் 'ரிக்கவரி' மாத்திரையும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும், சிலருக்கு இன்னும் இழுக்கும். திரும்பாவிட்டால், இக்ஸிக்கு முன், ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் குறைபாடு உண்டா என்று பரிசோதனை கேளுங்கள்; அந்தக் குறைபாடு இருந்தால் பிறக்கும் மகனுக்கும் போகும்.

உங்களுக்கு 29தான், காத்திருக்க அவகாசம் உண்டு. அவர் ஊசியை நிறுத்தாமல், கருமுட்டை எடுக்க உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போடுவது என்ன நியாயம்? ஜிம் ஊசி விஷயத்தை அந்த மருத்துவமனையில் சொன்னீர்களா? இல்லையென்றால் நாளைக்கே குப்பியோடு போய்க் காட்டுங்கள்.