அதட்டும் தம்பி, வாய் திறக்காத அக்கா

கேள்வி: எங்கள் மகனுக்கு 8 வயது. விளையாடும்போது எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிறான். ‘இவன் பெரிய தலைவனாக வருவான்’ என்கிறார்கள் உறவினர்கள். மகளுக்கு 11 வயது. நன்றாக யோசிப்பாள், ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் வாயே திறப்பதில்லை. இருவரிடமும் தலைமைப் பண்பை வளர்க்க வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: உறவினர்களின் ஆரூடத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். பையன் அந்தப் பக்கம் போன பிறகும் ஆட்டம் தொடர்கிறதா, இல்லை மற்ற பிள்ளைகள் ‘அப்பாடா’ என்று கலைந்துவிடுகிறார்களா என்று கவனியுங்கள். உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 10 வயதுச் சிறுவர்களின் குழுக்களைக் கொண்டு செய்த ஆய்வு 1939-இல் வெளியானது. கட்டளையிட்டே நடத்தப்பட்ட குழுவில், நடத்துபவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தப்பட்ட குழு அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. ‘இஷ்டம்போல் செய்யுங்கள்’ என்று விடப்பட்ட குழுவிலோ வேலை உருப்படியாக நடக்கவில்லை. இது உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பெற்றோர் பிள்ளைகளிடம் வேலையைத் தருகிறார்கள், முடிவைத் தருவதில்லை. பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான். ‘பையை எடுத்து வை’ என்றால் அது ஏவல். ‘வரும் ஞாயிறு நால்வரும் பூங்காவுக்குப் போகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதை எடுத்துப்போவது, யார் எதைத் தூக்குவது எல்லாம் நீதான் முடிவு செய்ய வேண்டும்’ என்றால் அது பொறுப்பு. பாதுகாப்பு, செலவு, திரும்பும் நேரம் என்ற மூன்று எல்லைகளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் நான்காவதைச் சேர்க்காதீர்கள். ஒரு முறை சேர்த்தால், அடுத்த முறை பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

முதல் தடவை கூடவே உட்கார்ந்து, நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘மழை வந்தால் என்ன செய்வோம்?’ மூன்றாம் தடவை விலகிவிடுங்கள். மகள் பந்தை எடுத்துவைக்க மறந்துவிட்டாளா? நீங்கள் ரகசியமாக உங்கள் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பந்து இல்லாத மாலை நல்ல பாடம். மருந்து, அவசரத் தொலைபேசி எண் போன்றவற்றை மட்டும் நீங்களே சரிபாருங்கள். அன்று இரவு கோபம் தணிந்த பிறகு, தனியாக, ஐந்தே நிமிடம்: எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றுவாய்? பதிலை அவளே சொல்லட்டும்.

இதோடு வாரம் ஒரு முறை 20 நிமிடக் குடும்பக் கூட்டம் போடுங்கள். பேச வேண்டியவை மூன்றுக்கு மேல் வேண்டாம். நடத்துபவர் வாராவாரம் மாற வேண்டும். நடத்துபவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்லலாம் என்று ஒரு விதி வையுங்கள். மகனுக்கு இது கசக்கும், ஆனால் அவனுக்குத் தேவையான மருந்து இதுதான். மகளோ தன் முறை வரும்போது எல்லோரையும் கேட்டு முடித்திருப்பாள். அதைத் தொகுத்துச் சொன்னாலே போதும். நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயத்தை மட்டும் கூட்டத்தில் வைக்காதீர்கள். பொய் வாக்கெடுப்பைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு கூட்டம் வெறும் சடங்குதான்.

மகனுக்கு இன்னொரு பயிற்சி: தன்னைவிடச் சிறிய பிள்ளைக்கு ஒரு விளையாட்டைக் கற்றுத் தரச் சொல்லுங்கள். கத்தினால் அந்தக் குழந்தை எழுந்து போய்விடும். படிப்படியாகச் சொன்னால்தான் நிற்கும். சில ஆட்டங்களில் அவன் தலைவனாக இல்லாமல் புள்ளி குறிப்பவனாக இருக்கட்டும்.

மகளை நேராக மேடையில் ஏற்றிவிடாதீர்கள், பயம் இரட்டிப்பாகும். முதலில் கடையில் பொருள் கேட்பது, பிறகு தோழிகள் இருவரோடு ஒரு வேலை, அதன் பின் ஐந்து பேர் குழு. கூட்டத்தில் முதல் வாக்கியம் கேள்வியாக இருந்தால் தொடங்குவது எளிது. ‘இதை யார் செய்வது?’ என்பதே போதும், அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். யாராவது கேட்டால் ‘அவள் கூச்ச சுபாவம்’ என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் பரிசு அறிவிக்காதீர்கள். விருப்பத்தோடு படம் வரைந்த சிறு குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி, அதைத் தந்தபோது, பிறகு அவர்களுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்ததை 1973-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு எச்சரிக்கை. மகள் வீட்டில் சரளமாகப் பேசிவிட்டு, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று ஆசிரியர் சொன்னால், அதைக் கூச்சம் என்று விட்டுவிடாமல் குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை ‘பேசு, பேசு’ என்று நெருக்க வேண்டாம்.