கணினி மூலை: குழாய் கொதிக்குது, றேடியேற்றர் குளிருது

கேள்வி: மல்லாவியில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். 2019 கடைசியில் பூட்டிய ரைசன் 7 3700எக்ஸ் சிப் போட்ட மெஷின், 240 மில்லிமீற்றர் லிக்விட் கூலர். இப்போது எக்ஸ்போர்ட் கொடுத்த சில விநாடிகளிலேயே சூடு 95 பாகைக்குப் போகிறது. வேகம் விழுகிறது, சிலவேளை தானாகவே நின்றும் போகிறது. தூசு தட்டியாயிற்று. கூலரைத் திறந்து தண்ணீர் விட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். விடலாமா, புதிது வாங்கவா?

பதில்: தண்ணீர் விடுகிற யோசனையை முதலில் விடுங்கள், தம்பி.

'சில விநாடிகளிலேயே' என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. சோளகக் காலத்துச் செம்மண் புழுதி றேடியேற்றரை (விசிறி பூட்டிய, திரவத்தை ஆற்றும் பகுதியை) அடைத்தால் சூடு மெல்லத்தான் ஏறும். உள்ளேயிருக்கும் திரவம் முழுவதும் சூடாகப் பத்து, இருபது நிமிடம் பிடிக்கும். உடனே 95க்குத் துள்ளுகிறது என்றால் சிப்பின் சூடு வெளியேறவே இல்லை. ஒன்றில் திரவம் ஓடவில்லை, அல்லது பிளொக் (சிப்பின் மேல் அமரும், செப்பு அடித்தகடு உள்ள பகுதி) சிப்பில் ஒழுங்காக அமரவில்லை.

எது என்று பார்க்கக் கை போதும். கேசிங் கதவைக் கழற்றி எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு, இரண்டு குழாய்களையும் பிளொக்குக்குக் கிட்டவாகத் தொடுங்கள். பிறகு விசிறியில் விரல் படாமல் றேடியேற்றரின் ஓரத்தைத் தொடுங்கள். நல்ல கூலரில் இரண்டு குழாயும் கிட்டத்தட்ட ஒரே இளஞ்சூடாக இருக்கும், றேடியேற்றரும் அப்படியே. பிளொக் பக்கம் கொதித்து, றேடியேற்றர் மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தால், பிளொக்கின் திருகாணிகள் இறுக்கமா என்று பாருங்கள். இறுக்கமென்றால் பம்ப் போய்விட்டது, அல்லது உள்ளே அடைத்துவிட்டது.

பம்ப் மூடியில் ஸ்குறூட்றைவர் நுனியை வைத்துப் பிடியில் காதை வையுங்கள். சீரான ரீங்காரம் வரவேண்டும். கரகரத்தால் பம்ப் தேய்கிறது. களக் களக் என்றால் காற்று புகுந்திருக்கிறது. பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பம்பின் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்று வழக்கம். பூச்சியம் காட்டினால் வயர் கழன்றிருக்கிறதா, யாராவது 'சைலண்ட்' என்று போட்டுவைத்தார்களா என்று பார்த்து, முழு வேகத்தில் விடுங்கள். ஆனால் 2500 காட்டுகிறது என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். மோட்டார் சுற்றுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். பிளொக்கின் செப்புத் தகட்டில் இருக்கும் மயிரளவு இடுக்குகளில் கசடு அடைத்திருந்தால் பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

ஐந்து, ஆறு வருடம் உழைத்த கூலர் இப்படியாவது புதுமையில்லை. குழாய்ச் சுவர் வழியாகவே திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். செப்பும் அலுமினியமும் ஒரே திரவத்தில் இருப்பதால், அரிப்பைத் தடுக்கும் மருந்து தீரத் தீரக் கசடு சேரும். பெரும்பாலான கூலர்கள் திறப்பதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. அதற்குள் நம் கிணற்றுத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டுக் கேத்தலின் அடி சொல்லும்.

புதிது வாங்க முன் ஒன்று. 3700எக்ஸ் பெட்டியோடு 'ரெய்த் பிறிசம்' என்ற காற்றுக் கூலர் வந்திருக்குமே, அது எங்கே? பரணில் கிடந்தால் எடுங்கள். 65 வாட் சிப்புக்கு அது போதும், கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். மதர்போட்டின் இரு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் கொளுவிகளையும் பின்தகட்டையும் கழற்றியிருந்தால் அவையும் வேண்டும்.

பழைய பிளொக்கைக் கழற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். இந்த வகை ரைசனில் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கின்றன. சிப்புக்கும் பிளொக்குக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிப்பிடித்தால், பிளொக்கை இழுக்கச் சிப்பும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைந்தால் பிறகு அழுகைதான். மெஷினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, பவர் வயரைக் கழற்றி, பிளொக்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுறொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுப் பேஸ்ட். புதுக் கூலர் வாங்கினால் அடித்தகட்டின் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்க வேண்டாம். அந்தத் தாளோடு பூட்டிய மெஷின்கள் கடைக்கு வருவது உண்டு.

வாங்குவதானால் 120 மில்லிமீற்றர் விசிறி வைத்த, உயரமான டவர் காற்றுக் கூலராகப் பாருங்கள். பெரும்பாலும் 155 மில்லிமீற்றர் அளவு உயரம் வரும், கேசிங்கின் கதவு மூடுமா என்று அளந்துகொள்ளுங்கள். லிக்விட் கூலர் கெட்ட பொருள் அல்ல. ஆனால் மல்லாவியில் இருந்துகொண்டு நான் அதை இரண்டாம் முறை வாங்கமாட்டேன். டவர் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். அதைக் கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டால் பின்னேரமே நீங்களே மாற்றிவிடலாம். பம்ப் செத்தால் முழுக் கூலரும் குப்பை, பொம்பிளை வீட்டார் வீடியோ கேட்டு வாசலில் நிற்பார்கள்.

கேள்வி: கேசிங் கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைப் பிடித்தால் போதாதா? (பரந்தன் வாசகர்)

பதில்: அவசரத்துக்கு ஒருநாள் சரி. அதையே பழக்கமாக்கினால் புழுதியும் பல்லியும் உள்ளே குடிவரும். பம்ப் நின்ற மெஷினுக்கு அதுவும் உதவாது, சூடு றேடியேற்றருக்கே வந்து சேரவில்லையே.