ஒன்றரை வயதுக் குழந்தையின் சளிக்கு நீலகிரித் தைலம் தடவலாமா?

வேண்டாம். மார்பிலும் வேண்டாம், மூக்கருகே வேண்டவே வேண்டாம். ஊட்டியிலிருந்து யார் ஆசையாக வாங்கி வந்து கொடுத்திருந்தாலும் சரி.

இலையைக் கொதிக்கவைத்த கஷாயம் வேறு, தைலம் வேறு. கூடை கூடையாக இலைகளை ஆவியில் காய்ச்சி வடித்த சாரம் அந்தச் சின்னப் புட்டியில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். பச்சிளம் குழந்தைகளின் முகத்தருகே பட்டால் மூச்சுத் திணறக்கூடும். சில மில்லி விழுங்கினாலே வலிப்பு, மயக்கம் வரலாம். கற்பூரம் கலந்த தைலங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பெரியவர்களும் அப்படியே பூசக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஐந்தாறு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

குழந்தை தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பலர் பதற்றத்தில் தொண்டைக்குள் விரலை விடுகிறார்கள்; தைலம் நுரையீரலுக்குள் போய்விடும், அது இன்னும் ஆபத்து. புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து விடலாம். மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.