அதே கேட்லாக் எண், வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி): ஆன்டிபாடி ஏன் மாறிப்போகிறது?

கேள்வி: மனித பி53 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காணும் சோதனை) பார்க்க முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் புரதம்) வாங்கினோம். முதல் குப்பி அருமையாக வேலை செய்தது. அதே கேட்லாக் எண்ணில் வாங்கிய இரண்டாவது குப்பியில் பி53 வர வேண்டிய 53 கிலோடால்டன் எடையில் மங்கலாக ஒரு பேண்ட் (பட்டை), அதற்குக் கீழே பளிச்சென்று மூன்று. ‘கரண்ட் போய் உங்கள் ஃப்ரீசரில் கெட்டிருக்கும்’ என்று விற்றவர் கையை விரிக்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: கேட்கலாம். அதற்கு முன் ஒரு ஜெல் ஓட்டிவிடுங்கள். பழைய குப்பியில் 5 மைக்ரோலிட்டர் மிச்சம் இருந்தாலும் போதும், அதுதான் உங்கள் சாட்சி.

ஒரே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) ஓட்டி, புரதங்களை மாற்றிய மெம்ப்ரேனை (தாள் போன்ற சவ்வு) மூன்றாக நறுக்குங்கள். ஒன்றுக்குப் பழைய லாட், ஒன்றுக்குப் புதிய லாட், இரண்டும் 1:1000 நீர்த்து. மூன்றாவதற்கு செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி) மட்டும். ஒவ்வொரு துண்டிலும் எச்1299 செல் லைசேட்டுக்கு ஒரு லேன் (மாதிரி ஓடும் தடம்) ஒதுக்குங்கள். அந்தச் செல்லில் பி53 கிடையாது. அங்கேயும் அந்த மூன்று பேண்ட் வந்தால் அவை பி53-இன் சிதைந்த துண்டுகள் அல்ல, வேறு புரதங்கள். ஹீலா செல்லை பாசிட்டிவ் கன்ட்ரோலாக (பி53 கட்டாயம் தெரிய வேண்டிய ஒப்பீட்டு மாதிரி) வைக்காதீர்கள். அதிலுள்ள எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துக்கொண்டே இருக்கும், பேண்ட் மங்கலாகத்தான் வரும்.

பழைய லாட்டில் 53 சுத்தமாக வந்தால் லைசேட்டிலும் செகண்டரியிலும் குறையில்லை. அந்தக் குப்பி உங்கள் ஃப்ரீசரில் புதியதைவிட அதிக நாள் இருந்தது, அதிக கரண்ட் கட்டைப் பார்த்தது. அதுவே நன்றாக இருக்கும்போது ஃப்ரீசர் மேல் பழி போட முடியாது. கெட்டுப்போன ஆன்டிபாடியில் பெரும்பாலும் சிக்னல் குறையும், பின்னணி கறுக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கூர்மையாகப் புது பேண்ட் வருவது லாட்டின் குணம். பாலிகுளோனல் என்பதே பல ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு முயலின் சீரம் தீர்ந்து அடுத்த முயலுக்குப் போனால் கலவையும் மாறும். கேட்லாக் எண் மட்டும் மாறாது.

புதிய லாட்டை 1:500, 1:2000 என இரண்டு விதமாக நீர்த்தும் பார்த்துவிடுங்கள், விற்றவர் முதலில் அதைத்தான் கேட்பார். புகாரில் இரு லாட் எண்களும், மூன்று மெம்ப்ரேன் துண்டுகளின் ஓரம் கத்தரிக்காத முழுப் படமும், எக்ஸ்போஷர் நேரமும், பார்சல் வந்த தேதியும் இருக்கட்டும்.

அடுத்த முறை ஆர்டருக்கு முன்பே லாட் எண்ணையும் அந்த லாட்டில் எடுத்த பிளாட் படத்தையும் கேளுங்கள். சிறிய குப்பியில் சோதித்து, பிடித்திருந்தால் ஆய்வு முடியும்வரை தேவையானதை அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். 50 சதவீத கிளிசரால் கலந்ததா என்றும் பாருங்கள். அது மைனஸ் 20 டிகிரியில் உறையாது, ஆகவே உறைந்து உருகும் சேதம் இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்து டெல்டாவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்தால், நம் ஊருக்கு இது முக்கியம். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அது அடிக்கடி சூடேறி இறங்கும்.

இரண்டு மூன்று வருட வேலை என்றால் பாலிகுளோனலை விட்டுவிடுவதே என் யோசனை. பி53-க்கு டிஓ-1 என்ற சுண்டெலி மோனோகுளோனல் (கலவை அல்ல, ஒரே வகை ஆன்டிபாடி) பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. முயலுக்கான செகண்டரி அதற்கு உதவாது, சுண்டெலிக்கானதைத் தனியாக வாங்க வேண்டும்.